தீப்பிடிக்காத மாதத்தின் பால்கோவா

போன மாதம், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராஜபாளையம் நூற்பாலையிலிருந்து போன் வந்தது. பேசியது புதிதாக வந்திருக்கும் மனிதவள அதிகாரி. சின்னப் பெண், மரியாதையான குரல். "சார், பாதுகாப்பு வாரம் கொண்டாடுறோம். ப்ளோரூம்ல ரொம்ப வருஷம் இருந்தவர் நீங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க. நம்ம மில்லு தப்புல இருந்து எப்படிக் கத்துக்கிட்டு வளந்துச்சுன்னு நீங்க வந்து பேசணும்" என்றாள். நம்ம மில் எதையும் கற்றுக்கொள்ளவில்லையம்மா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் கோபம் வந்தது. அந்தப் பெண் மேல் இல்லை. அவளுக்கு என்ன தெரியும்? 'கற்றுக்கொள்ளும் நிறுவனம்' என்ற வார்த்தையை நம்பிக் கெட்டவன் நான். அந்த மில் நூறு விஷயம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. ஒரே ஒரு விஷயம். ஒருத்தன் கை எதனால் போனதோ, அதே காரணத்தால் இன்னொருத்தன் கை போகக் கூடாது. அவ்வளவுதான் கேட்டேன்.

என் ஆரம்ப காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். கிரீஸ் தடவினேன், பெல்ட் மாற்றினேன், திட்டு வாங்கினேன், ஃபிட்டர் ஆனேன், கடைசியில் ப்ளோரூம் பராமரிப்புக்குச் சூப்பர்வைசர் ஆனேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில். காலம் பூராவும் பஸ்ஸிலேயே போய் வந்தேன்.

ப்ளோரூம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேல் பேலாக, அழுத்திக் கட்டிய மூட்டைகளாக வரும் பஞ்சை உடைத்து, பிரித்து, உதறி, தூசி தட்டி, காற்றுக் குழாய் வழியாக அடுத்து அதைச் சீவுகிற கார்டிங் பகுதிக்கு அனுப்புகிற இடம் அது. உள்ளே பல் வைத்த உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். பீட்டர் என்போம். பேலைக் கட்டி வந்த இரும்புப் பட்டையின் துண்டோ, ஒரு ஆணியோ பஞ்சோடு சேர்ந்து உள்ளே போய் அந்தப் பல்லில் அடித்தால் பொறி பறக்கும். அதைப் பிடிக்கத்தான் வழியில் காந்தம் வைத்திருப்பார்கள். காந்தம் முழுக்க இரும்பு ஒட்டிவிட்டால் அடுத்து வருவது ஒட்டாமல் உள்ளே போய்விடும். அதனால் லைனை நிறுத்தி அடிக்கடி துடைக்க வேண்டும்.

பஞ்சில் பிடிக்கிற தீ உடனே கொழுந்து விடாது. ஒரு உருண்டைக்குள்ளே உட்கார்ந்து கனலும். முதலில் வாசனைதான் வரும், இஸ்திரிப் பெட்டியைத் துணியில் மறந்து வைத்தால் வருமே, அந்த வாசனை. அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை என் ஆட்களுக்கு மந்திரம் மாதிரிச் சொல்லிக் கொடுத்திருந்தேன். முதலில் ஃபேனை நிறுத்து. காற்று ஓடிக்கொண்டிருந்தால் தீ குழாயேறி அடுத்த இயந்திரத்துக்குப் போய்விடும். பிறகு பீட்டரை நிறுத்து. சுவிட்சை அணைத்ததும் பீட்டர் நின்றுவிடாது, சுற்றிச் சுற்றித்தான் ஓயும். அது ஓயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில். நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு மூடியைத் திற. கனலும் பஞ்சை இழுத்து வாளியில் போட்டு, வெளி முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் போட்டு மிதி. அணைந்துவிட்டது என்று நீ நினைக்கிற உருண்டையை இன்னொரு தடவை பிரித்துப் பார். இதில் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது அந்தக் காத்திருப்பு ஒன்றுதான்.

காரணம் இருக்கிறது. ஃபேனை நிறுத்தினால் கார்டிங்குக்குப் பஞ்சு போகாது. உடனே அங்கிருந்து ஆள் ஓடி வருவார். "ஏலே, எதுக்குடே நிறுத்துனீக?" என்பார். அடுத்து ஆபீஸுக்குத் தெரியும். முறைப்படி அணைத்த எந்தத் தீயையும் யாராலும் மறைக்க முடியாது. பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

எங்கள் மேனேஜர் ரங்கசாமி சார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். யாரையும் வா, போ என்று பேச மாட்டார். எதைப் பற்றிச் சொல்லப் போனாலும் உட்காரச் சொல்வார், டீ வரவழைப்பார், பேனாவை மூடி வைப்பார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி நாம் முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்பார். முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், அதனால் சரி என்பது அவர் வாயில் 'சரே' என்றுதான் வரும். "சரே. யாரு?" என்பார். அந்த ஒரு கேள்விதான். பெல்ட் அறுந்தாலும் யாரு, கண்ணாடி உடைந்தாலும் யாரு, தீப்பிடித்தாலும் யாரு. பெயரைச் சொல்லிவிட்டால் முகம் தெளிந்துவிடும். அந்த ஆளுக்கு ஒரு மெமோ போகும். சிக்கல் தீர்ந்தது என்று அவர் மனதார நம்புவார்.

மெமோவினால் மட்டும் மனிதர்கள் திருந்த மாட்டார்கள், பாராட்டவும் வேண்டும் என்று அவருக்கு ஒரு நாள் தோன்றியது. நல்ல எண்ணம்தான். ப்ளோரூம் வாசலில் 'தீயில்லாத நாட்கள்' என்று ஒரு போர்டு மாட்டச் சொன்னார். எண் தகடுகளை தினமும் மாற்ற வேண்டும். தீப்பிடித்தால் போர்டு பூஜ்யத்துக்குப் போய்விடும். மாதம் முழுக்கத் தீயே பிடிக்கவில்லை என்றால் ஒன்றாம் தேதி ப்ளோரூமில் ஆளுக்கொரு பெட்டி பால்கோவா. நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் அல்லவா, வாங்கி வரும் வேலையை என் தலையில் கட்டினார்கள். மாதம் பிறந்தால் சூடு ஆறாத பெட்டிகளைப் பையில் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்பார்கள்.

முதல் சில மாதம் நன்றாகத்தான் நடந்தது. தரையைக் கூட்டினார்கள், பேல் உடைக்கும்போது இரும்புப் பட்டைத் துண்டுகளைத் தேடித் தேடிப் பொறுக்கினார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. சிலர் பெட்டியைப் பிரிக்காமல் பிள்ளைகளுக்கு எடுத்துப் போனார்கள். ஒன்றாம் தேதி வீட்டில் பிள்ளைகள் வாசலில் காத்திருக்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்புறம் பாக்கியத்தின் விவகாரம் வந்தது. பாக்கியம் பஞ்சு கலக்கும் அறையில் கூட்டிப் பெருக்குகிறவள், வாய் துடுக்கு. மாதம் முடியப் போகிற நேரத்தில் ஒரு நாள் கருகல் வாசனை பிடித்து, "தீ, தீ" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். எல்லாவற்றையும் நிறுத்தினோம். உள்ளங்கை அகலத்துக்குக் கனன்றிருந்தது, அவ்வளவுதான். முறைப்படி அணைத்தோம். போர்டு பூஜ்யத்துக்குப் போனது. அந்த மாதம் பெட்டி இல்லை.

அவளை நான் எல்லோர் முன்னாலும் பாராட்டினேன். நான் அந்தப் பக்கம் போனதும் பேல் உடைக்கிற கூட்டம் அவளைப் பிடித்துக்கொண்டது. "ஏட்டி, ஒரு கை பஞ்சு கருகுனதுக்கு ஊரக் கூட்டுதியே, அமுக்கிட்டுப் போயிருந்தா ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றார்கள். "எம்புள்ள கேட்டா நீ வந்து பதில் சொல்லு" என்றான் ஒருவன். பாக்கியம் பதிலுக்குத் திட்டினாள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை, அடுத்த மாதம் பெட்டி வரும் வரைக்கும் உட்காரவில்லை. அதற்குப் பிறகு பாக்கியம் எதற்கும் கத்தி நான் கேட்டதில்லை.

போர்டில் எண் ஏறிக்கொண்டே போனது. முற்றத்தின் மூலையில் கருகிய பஞ்சு மிதிபட்டுக் கிடக்கும், போர்டு மட்டும் தீயே இல்லை என்று சொல்லும். கேட்டால், "பீடித் துண்டு சார்" என்பார்கள். பீடி உள்ளே கொண்டுவரவே கூடாத இடம் அது. தீயை ஒப்புக்கொள்வதைவிடப் பீடியை ஒப்புக்கொள்வதே மேல் என்று நினைத்தார்கள்.

இதைவிட மோசமானது மேலே நடந்தது. தீயே இல்லையே, காந்தத்தை எதற்கு ஷிஃப்டுக்கு ஒரு தடவை துடைக்க வேண்டும் என்று உற்பத்திப் பிரிவு கேட்டது. ஒவ்வொரு துடைப்புக்கும் லைன் நிற்கிறதே! வாரம் ஒரு தடவை போதும் என்று ஆனது. கொள்முதல் பிரிவு வேறு ஒரு தினுசுப் பஞ்சை வாங்க ஆரம்பித்தது. அதில் குப்பையும் இரும்பும் அதிகம். ஆனால் தீதான் இல்லையே, அப்படியானால் பஞ்சு நல்ல பஞ்சுதானே? ஆக இரும்பு கூடியது, காந்தம் நிறைந்தது, பொறி கூடியது, மறைப்பதும் கூடியது. கூடக் கூட போர்டு இன்னும் அழகாக ஆனது. அவரவர் அறையில் அவரவர் சரியாகத்தான் முடிவெடுத்தார்கள். எல்லோருக்கும் ஆதாரம் அந்த ஒரு போர்டு.

இதைப் படமாக வரைந்து காட்ட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சூப்பர்வைசர்கள் சிலரை மதுரைக்கு ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே பாடம் எடுத்தவர் கரும்பலகையில் பெட்டி பெட்டியாகப் போட்டு அம்புக்குறியால் இணைத்தார். கடைசி அம்பு முதல் பெட்டிக்கே திரும்பி வந்தது. "நிர்வாகம் என்றால் இந்தப் பெட்டிகளைப் பார்ப்பது இல்லை, அம்புகளைப் பார்ப்பது. அப்படிப் பார்க்கிறதுதான் கற்றுக்கொள்ளும் நிறுவனம்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ப்ளோரூமைத்தான் அவர் வரைந்திருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கவே இல்லை. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். அப்படி நம்பியதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது.

மறுநாள் ப்ளோரூம் சுவரில் சாக்பீஸால் பெரிதாக வரைந்தேன். பஞ்சு, இரும்பு, காந்தம், பொறி, போர்டு, பால்கோவா, எல்லாவற்றுக்கும் பெட்டி, எல்லாவற்றுக்கும் அம்பு. ரங்கசாமி சாரைக் கூப்பிட்டு வந்து காட்டினேன். நின்றபடியே முழுவதையும் கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு. இதுல தப்பு எந்த இடத்துல நடக்குது?"

"எந்த இடத்துலயும் இல்ல சார். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்றதுலதான் நடக்குது. போர்டை எடுத்துருவோம் சார். தீயச் சொல்றவனுக்குப் பால்கோவா குடுப்போம்."

அவர் சிரித்தார். கிண்டல் சிரிப்பு இல்லை. "தீப்பிடிச்சா ஸ்வீட்டு குடுன்னு நான் எப்படிய்யா மொதலாளிகிட்ட சொல்றது?" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரே. மறைக்கிறாங்கன்னு சொல்றீங்களே, யாரு?"

நான் பெயர் சொல்லவில்லை. சொன்னால் மெமோ போகும், மெமோ போனால் மறைப்பது இன்னும் கெட்டிப்படும். பெயர் சொல்லாததால் நான் சொன்னது வெறும் சந்தேகம் என்று ஆகிவிட்டது. அடுத்த வாரம் முதலாளி வருகிறார் என்று சுவருக்கு வெள்ளையடித்தார்கள்.

செல்லத்துரை மம்சாபுரத்துக்காரன். என் ஆட்களில் பொறுமைசாலி, பீட்டர் ஓயும்வரை கையைக் கட்டி நிற்பதற்குப் புதியவர்களுக்கு நான் காட்டும் உதாரணமே அவன்தான். அன்றைக்கு மாதத்தின் கடைசி நாள், பட்டப்பகல். நான் கார்டிங் பக்கம் நின்றிருந்தேன். ஃபேன் ஓடுகிற சத்தம் மாறவே இல்லை. அதனால் எனக்குச் சந்தேகமும் வரவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேலே ஒரு அலறல் கேட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தபோது யாரோ சுவிட்சை அணைத்திருந்தார்கள். பீட்டர் சுற்றி ஓய்ந்துகொண்டிருந்தது. மூடி திறந்து கிடந்தது. செல்லத்துரை தரையில் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டுக்குக் கீழே கை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு உருண்டைப் பஞ்சு கனன்றுகொண்டிருந்தது. பேல் உடைக்கிறவன் ஒருவன் அதைக் காலால் மிதித்து அணைத்துவிட்டு, கரியைச் செருப்பால் தள்ளி இயந்திரத்துக்கு அடியில் ஒதுக்கினான். ஒருத்தன் ரத்தம் வடிய உட்கார்ந்திருக்கிறான், இன்னொருத்தன் கரியை ஒதுக்குகிறான். அதை என் கண்ணால் பார்த்தேன். அவன் கொடியவன் இல்லை. கால் அதுவாகவே அந்த வேலையைச் செய்தது.

ஆஸ்பத்திரியில் செல்லத்துரைக்கு நினைவு தெளிந்ததும் போய்ப் பார்த்தேன். "ஏம்ப்பா, நீயா? ஃபேனை நிறுத்தத் தெரியாதா ஒனக்கு?" என்று கேட்டேன். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

"தெரியும் சார். நிறுத்துனா கார்டிங்குல இருந்து வந்துருவாவ. மறுநா ஒண்ணாந்தேதி. ஒருத்தனால அம்புட்டுப் பேருக்கும் போயிருமேன்னு..." இடது கையால் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டான். "இதுக்கு முன்னால எம்புட்டோ தடவ எடுத்திருக்கேன் சார். ஒண்ணும் ஆனதில்ல."

விசாரணை நடந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். அம்புகளை மறுபடியும் வாயால் வரைந்தேன். தீ இருந்தது, அதை மறைக்கத்தான் கையை விட்டான் என்றேன். தீ இருந்ததா என்று மற்றவர்களைக் கேட்டார்கள். எல்லோரும் இல்லை என்றார்கள். பாக்கியமும் இல்லை என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. செல்லத்துரையை வீட்டில் போய்க் கேட்டபோது அவனும் இல்லை என்றானாம். ரங்கசாமி சார் உண்மையிலேயே உடைந்து போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனவர் அவர். ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் கேட்டது அதே கேள்வி. யாரு? செல்லத்துரை. ஓடும் இயந்திரத்தில் கை விட்டது தொழிலாளியின் கவனக்குறைவு. முடிந்தது.

ப்ளோரூம் வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். 'ஓடும் இயந்திரத்தில் கையை விடாதே' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை வந்தது, செல்லத்துரை புதியவர்களுக்குத் தினமும் சொல்லிக் கொடுத்த அதே வார்த்தை. நடந்தது விபத்து, தீ இல்லை என்று விசாரணை சொல்லிவிட்டதால் 'தீயில்லாத நாட்கள்' போர்டு அப்படியே நின்றது. அந்த மாதமும் தீயில்லாத மாதம். பால்கோவா வாங்கி வரச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். வேறு ஆளை அனுப்பி வாங்கினார்கள், எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். செல்லத்துரையின் பெட்டியை அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மம்சாபுரத்தில் அவனை அதன் பிறகு பலமுறை பார்த்தேன். இடது கையால் ஒரு சின்னக் கடையை நடத்துகிறான். தீ இருந்தது என்று சொல்லியிருக்கலாமே என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "சொல்லி? என்னோட சேத்து நாலு பேருக்கு மெமோ வந்திருக்கும்" என்றான்.

அந்த மேனேஜர் ஓய்வு பெற்றார், அடுத்தவர் வந்தார், அதற்கடுத்தவர் வந்தார். ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒவ்வொருவரும் நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு முந்தைய கதை தெரியாது, தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். கடைசியில் நானும் மாலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பாதுகாப்பு வாரத்துக்குப் போனேன். ப்ளோரூம் அடையாளமே தெரியவில்லை. குழாயில் பொறியைக் கண்டுபிடிக்கும் சென்சார் வைத்திருக்கிறார்கள். மரப் போர்டு இருந்த இடத்தில் எண்கள் ஒளிரும் டி.வி. மாதிரி ஒன்று. தலைப்பு மட்டும் அதேதான். நான் மேடையில் எல்லாவற்றையும் சொன்னேன், பெயர்களைத் தவிர. சிலர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்தாவது யாரோ கேட்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

அந்த அதிகாரிப் பெண் எனக்குச் சால்வை போர்த்தினாள். "ரொம்ப மனசத் தொட்டுருச்சு சார். இத எங்க ட்ரெயினிங்ல சேர்க்கப் போறோம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கரிய ஒதுக்குனதா சொன்னீங்களே சார், அது யாரு?" என்று கேட்டாள். நினைவில்லை என்றேன். கையில் ஒரு பால்கோவாப் பெட்டியைக் கொடுத்தாள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு தொழிலாளி பக்கத்தில் வந்து நின்றான். முப்பது வயது இருக்கும். வலது கையில் மருந்துத் துணி சுற்றிக் கட்டியிருந்தது.

"நல்லாப் பேசுனீக சார். உள்ளதச் சொன்னீக." சுற்றிலும் பார்த்துக்கொண்டான். "நேத்துகூட ஒண்ணு புடிச்சுது சார். சென்சார் கண்ணுல பஞ்சு ஒட்டிக்கிடும், நாங்க தொடைக்கிறதில்ல, அதனால மணி அடிக்கல. இன்னைக்கு நீங்க வாரீக, போர்டு சைபர்ல நின்னா நல்லா இருக்காதுன்னு கையாலயே இழுத்துப் போட்டோம்."

என்னென்னவோ கேட்டிருக்கலாம். காந்தம் எப்போது துடைத்தீர்கள் என்று கேட்டிருக்கலாம், கை வலிக்கிறதா என்றாவது கேட்டிருக்கலாம். பதற்றத்தில் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"யாரு?" என்றேன். "கைய விட்டது யாரு?"

அவன் முகம் மூடிக்கொண்டது. கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"ஒண்ணும் இல்ல சார், சும்மா சொன்னேன்" என்றான். "உங்க பஸ்ஸு வந்துருச்சு, ஏறுங்க."